மூன்றடிக்குக் கீழே

ஆனி பிறந்தால் கணவாய்க் காற்று
கதவு தட்டாமல் வகுப்புக்குள் வரும்.
பணகுடிக்குத் தெற்கே
காற்றாலைகள் நடுவே எங்கள் பள்ளிக்கூடம்.
முதல் வருடம் நான் ஒட்டிய பதினாறு சார்ட்டில்
பதினொன்று போயிற்று.
'ஔ' வாழைத்தோட்டத்தில் கிடப்பதாக
பால்காரர் வந்து சொன்னார்.

செல்லோடேப் ஒரு நாள் தாங்கும்.
மைதாப் பசை இரண்டு நாள்,
மூன்றாம் நாள் எறும்பு.
வள்ளியூரில் துணிக்கிளிப் இரண்டு டஜன் வாங்கி
சுவருக்குச் சுவர் கம்பி இழுத்தேன்.
ஆடட்டும், கிழியாது.
ஆடுகிற எழுத்தை வாசித்த பிள்ளைக்கு
நிற்கிற எழுத்து லேசு.
எந்தப் பயிற்சியிலும் இதை எனக்குச் சொல்லவில்லை.

ஒரு புதன்கிழமை
பெஞ்சுக்கு அடியில் உருண்ட சாக்பீஸைத் தேடி
முட்டி போட்டேன்.
எழும்புமுன் சும்மா ஒரு தடவை
அண்ணாந்து பார்த்தேன்.
தெரிந்தது:
உலகப்படத்தின் அடிக்குச்சி,
பூக்களின் காம்பு,
'நன்று' என்று நான் எழுதியதன் முதுகு.
இத்தனை நாளும் நான் ஜோடித்தது
ஆய்வுக்கு வருகிறவரின் கண்ணுக்கு.

அன்று சாயங்காலமே கம்பியை இறக்கினேன்.
தரையிலிருந்து மூன்றடி.
அதற்கு மேலே
கடிகாரமும் பல்லியும் மட்டும்.

இறக்கியதில் ஒரு நட்டம் உண்டு.
மந்திரமூர்த்தி வீட்டு ஆடு
இடைவேளையில் நுழைந்து
'ஆ'வைத் தின்றுவிட்டது, படத்தோடு.
அதற்கப்புறம் அந்த எழுத்து
ஒருத்தருக்கும் மறக்கவில்லை.

சத்துணவு ரெஜினாக்கா கொடுத்த முட்டை அட்டையில்
முப்பது குழி.
பிள்ளைகள் பத்தொன்பது.
ஆளுக்கொரு குழி, அவரவர் ரப்பர், அவரவர் கிரயான் துண்டு.
மீதி எத்தனை என்பது
அன்றைய கணக்குப் பாடம்.
பெயின்ட் வாளியில் ஸ்கேல்கள்,
ஐஸ்கிரீம் டப்பாவில் புளியங்கொட்டை,
டப்பாவுக்குப் பெயர் எழுதுவது அவர்கள் வேலை.
முப்பிடாதி 'பென்சிள்' என்று எழுதி ஒட்டினாள்.
நான் கை வைக்கவில்லை.
ஆவணியில்
யாரும் பாராத நேரம் பார்த்து
அவளே அடித்து மாற்றியிருந்தாள்.

ஜெஃப்ரின் குடும்பம் செங்கல் சூளைக்குப் போயிற்று.
வருகைப் பலகையில் அவன் அட்டை
ஆணியில் திரும்பியே தொங்குகிறது.
அவன் குழியில் அரைச் சிவப்பு கிரயான்.
சிவப்புக்கு அடித்துக்கொள்கிற வகுப்பு இது.
அதை மட்டும் ஒருத்தரும் தொடவில்லை.

மேலச் சுவரில் ஒரு விரிசல்,
கூரையிலிருந்து தரை வரை.
சார்ட் ஒட்டி மறைத்தேன், மறுநாள் பெயர்ந்து கிடந்தது.
காற்று என்று நினைத்தேன்.
பிள்ளைகள்.
நீலச் சாக்பீஸால் இரு கரையும் கட்டி
'அனுமன் நதி' என்று எழுதியிருந்தார்கள்,
நடுவில் பாலம், பாலத்தில் ஒரு மினி பஸ்.
"தண்ணியே இல்லையேடே" என்றேன்.
"தண்ணி இல்லாட்டா என்ன டீச்சர்,
ஆறு ஆறுதான" என்றான் இசக்கிராஜ்.

மே மாதம் வெள்ளையடிக்க வந்தார் செல்லப்பெருமாள்.
இந்த இடத்தை விட்டுவிடுங்கள் என்றேன்.
"பாதிச் சுவரு அடிச்சா
பில்லு பாஸாகாதே டீச்சர்."
முட்டி போட்டுப் பாருங்கள் என்றேன்.
ஒரு மாதிரியாகப் பார்த்தார் என்னை.
வாளியை வைத்துவிட்டுப் பீடி பற்ற வைக்க வெளியே போனார்.
நானும் சாவியை அங்கேயே தொங்கவிட்டு
பஸ்ஸுக்கு ஓடினேன்.

ஜூனில் திறந்தபோது
வகுப்பெல்லாம் சுண்ணாம்பு வாசம்.
மேலச் சுவரில் ஒரு முழ அகலம் பழையபடி அழுக்கு,
அதில் ஆறு, பாலம், மினி பஸ்.
கரையில் புதிதாக ஒரு பனை,
வெள்ளைச் சுண்ணாம்பில்
நாலே இழுப்பில் வரைந்தது.

யார் போட்டது என்று பிள்ளைகளுக்குள் சண்டை.
ஒருத்தருக்கும் கை எட்டவில்லை.
அளந்து பார்த்தேன்,
ஐந்தடி.